எடைமேடையில் ஏறிய பள்ளிக்கூடப் பை: கல்விச் சண்டைகளுக்குக் கார்ட்டூன் போடும் முறை

முதுகு வளைந்த ஒரு பையன், அவன் மேல் மலை மாதிரி ஒரு பை, பையின் மேல் ‘பாடச்சுமை’ என்று எழுத்து. கல்வி பற்றிய கார்ட்டூன் என்றதும் கை தானாகப் போட்டுவிடும் படம் இது. என்ன சொல்கிறது என்று கேட்டால் ‘பாவம் பையன்’ என்பதற்கு மேல் பதில் வராது. சுமையை ஏற்றியவர் யார்? படத்தில் அந்த ஆளே இல்லை. கேலி எவர் தலையில் விழ வேண்டுமோ, அவர் கட்டத்துக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் பென்சிலை எடுக்கும் முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள். யார், யாருக்கு, என்ன செய்கிறார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘கல்வி வணிகமாகிவிட்டது’ என்பதை வரைய முடியாது, ஏனென்றால் செய்தவர் இல்லை. ‘பள்ளி முதலாளி ஷூவும் நோட்டும் தன் மச்சான் கடையில்தான் வாங்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்கிறார்’ என்பதை வரையலாம். முதலாளி, மச்சான், பெற்றோர் என்று மூன்று முகம் அதிலேயே வந்துவிட்டது. வாக்கியம் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் உள்ளே இரண்டு கார்ட்டூன் ஒளிந்திருக்கும். பிரித்துவிடுங்கள்.

கருத்தைப் பொருளாக்குவது

சமூகவியல் கருத்துகளுக்குப் படம் போடுவது கடினம் என்று சொல்லக் காரணம், அவற்றின் பெயரோடு மல்லுக்கட்டுவதுதான். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ சொன்ன ‘பண்பாட்டு மூலதனம்’ என்பதை எடுத்துக்கொள்வோம். மூலதனம் என்றதும் கை பணமூட்டை வரையப் போகும். அதை விட்டுவிட்டு அந்தக் கருத்துக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீட்டில் காதில் விழும் பேச்சு, கைக்கெட்டும் புத்தகம், பழகிய நடை உடை எல்லாம் பள்ளிக்குள் போனதும் மதிப்பெண்ணாக மாறுகிறது. பள்ளியோ மொத்தத்தையும் பிள்ளையின் சொந்தத் திறமை என்று கணக்கில் எழுதிக்கொள்கிறது.

ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் இந்தக் கருத்துக்குள் இருக்கும் வினைச்சொற்களை எழுதுங்கள்: எடை போடுகிறது, கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் விடுகிறது, சீட்டுக் கொடுக்கிறது. வலப்பக்கம், உங்கள் ஊரில் இதே வேலையைச் செய்யும் பொருள்களை எழுதுங்கள். தமிழ்நாடு–கேரள எல்லையில் வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சட்டென்று வரும். லாரி ஏறும் எடைமேடை! லோடோடு வண்டி ஏறும், ஒரு எண் வரும். அதில் காலி வண்டியின் எடையைக் கழித்தால்தான் சரக்கின் நிகர எடை. காலி வண்டியைக் கழிக்காமல் சீட்டுக் கொடுத்தால் எந்த வியாபாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார். பள்ளிக்கூட எடைமேடையில் மட்டும் அந்தக் கழித்தலே கிடையாது. கார்ட்டூன் கிடைத்துவிட்டது.

பெயர்ச்சொல்லைப் பொருத்தினால் சின்னம்தான் கிடைக்கும். மூலதனத்துக்குப் பணமூட்டை, அறிவுக்கு விளக்கு. வினைச்சொல்லைப் பொருத்தினால் கார்ட்டூன் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

சில கருத்துகள் உவமையோடே பிறந்தவை. பிரேசிலின் பாவ்லோ ஃபிரெய்ரே ‘வங்கிமுறைக் கல்வி’ என்றார்: ஆசிரியர் பணம் போடுவதுபோலத் தகவலைப் போடுகிறார், மாணவர் வாங்கி வைத்துக்கொள்கிறார். இதை அப்படியே வரைந்தால் அது அவருடைய உவமைக்கு விளக்கப்படம், கேலி இல்லை. இன்னும் ஒரு திருகு திருக வேண்டும். கூட்டுறவு வங்கி ஜன்னலில் மாணவி கேள்வி ஒன்று கேட்க வருகிறாள், உள்ளிருப்பவர் பாஸ்புக்கைப் புரட்டி, ‘இது டெபாசிட் கணக்கு, எடுக்க முடியாது’ என்கிறார்.

தேய்ந்த படங்களைத் தொடாதீர்கள். குரங்கு, யானை, மீன் மூன்றையும் மரம் ஏறச் சொல்லும் தேர்வு, வேலிக்குப் பின்னால் பெட்டி மேல் நிற்கும் மூன்று பேர், கண் கட்டிய நீதிதேவதை ஆகியவற்றை வாசகர் பார்க்கும் முன்பே படித்து முடித்துவிடுகிறார். பட்டமளிப்புத் தொப்பியின் குஞ்சத்தைத் தூக்குக்கயிறாக மாற்றும் படத்தை விடச் சொல்வது வேறு காரணத்துக்காக. தேர்வால் பிள்ளையை இழந்த வீடுகள் வாசகர்களிடையே உண்டு. அந்தக் கயிறு அவர்களுக்குச் சின்னம் கிடையாது.

கட்டத்தை அமைப்பது

எடைமேடைப் படத்தையே முழுதாகப் போட்டுப் பார்ப்போம். செல்போனில் பார்ப்பவர்களுக்கு நெட்டுக்கட்டம்தான் வசதி. ஏ4 தாளில் 160 மி.மீ. அகலம், 200 மி.மீ. உயரம் வைத்து ஒரு சட்டம் போடுங்கள். அதை மேலும் கீழுமாக இரண்டு கட்டமாக, ஒவ்வொன்றும் 95 மி.மீ. உயரத்தில் பிரியுங்கள். நடுவில் 10 மி.மீ. இடைவெளி.

மேல் கட்டத்தில் எடைமேடை. அதன் மேல் ஒரு பையன், அவனோடு சேர்ந்து மேடையில் ஏறி நிற்கும் ட்யூஷன் மாஸ்டர், கண்ணாடி போட்ட புத்தக அலமாரி, ஆங்கிலப் பேப்பர் படிக்கும் தாத்தா. ஓரத்தில் கேபின், ஜன்னலில் எடை போடுபவர், மேலே எண் பலகை: 98. கீழ்க் கட்டத்தில் அதே மேடை, அதே கேபின், அதே ஆள். மேடையில் ஒரு பையன் தனியாக. பலகையில் 61. பையன் ஜன்னலைப் பார்த்துக் கேட்கிறான்: ‘ஏனுங்ணா, காலி வண்டிய கழிக்க மாட்டீங்ளா?’

முதல் வரைவில் மேடை மேல் கார், ஏசி, பியானோ, ஒலிம்பியாட் கோப்பை என்று ஏழெட்டுப் பொருளை அடுக்கத் தோன்றும். ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்தும் நகைச்சுவை நிற்கிறது என்றால் அந்தப் பொருள் வேண்டாம். கார் முதலில் போக வேண்டியது, ஏனென்றால் அது வெறும் பணத்தைக் காட்டி, ‘பணக்காரன், ஏழை’ என்ற பழைய படத்துக்கு நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். தாத்தாவை விடக் கூடாது. சம்பளத்தால் வாங்க முடியாத பொருள் இந்தப் படத்தில் அவர்தான்.

இரண்டு பையன்களுக்கும் ஒரே முகம், ஒரே உயரம், ஒரே சீருடை. ஒருவனை வரைந்து, ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி, பகல் வெளிச்சத்தில் மற்றவனை அப்படியே நகலெடுங்கள். கீழே நிற்பவனுக்குக் கிழிந்த சட்டை, ஒழுகும் மூக்கு, பெரிய கண்ணீர்க் கண் எதுவும் வேண்டாம். கிழிந்த சட்டை போட்ட நிமிடம் வாசகர் இரக்கப்பட ஆரம்பித்துவிடுவார், எடைமேடையை மறந்துவிடுவார். நம்முடைய குற்றச்சாட்டு மேடை மீது.

நீட் விவாதத்துக்கு இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் ஆசை வரும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2020-இல் வந்தது. அது ஒரு வகையில் காலி வண்டியைக் கழிப்பதுதான், அதையும் ஓரத்தில் ஒரு பலகையாக எழுதிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அது அடுத்த படம்.

முகம்

எடை போடுபவர் ஒரு வகைமாதிரி, யாருடைய முகமும் வேண்டியதில்லை. பெயர் தெரிந்த பொதுமனிதரை வரையும்போதுதான் கேரிகேச்சர், அதாவது ஆளின் அடையாளத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கேலிமுகம்.

எல்லா முகத்துக்கும் ஒரு சராசரி அளவு உண்டு. கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கும். தலை அகலம் ஐந்து கண் அகலம். முடி தொடங்கும் கோடு முதல் புருவம், புருவம் முதல் மூக்கு நுனி, மூக்கு நுனி முதல் தாடை என்று மூன்றும் ஏறக்குறைய சமம். இந்தச் சராசரி முகத்தை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளின் புகைப்படங்கள் குறைந்தது மூன்று வேண்டும்: நேர்முகம், பக்கவாட்டு, பேசும்போது எடுத்தது. ஒரே படத்தைப் பார்த்து வரைந்தால் அந்தக் கேமராவின் கோளாறும் சேர்ந்து முகத்தில் ஏறும்.

சராசரியிலிருந்து எங்கே விலகுகிறது என்று பார்த்து இரண்டே இரண்டைத் தேர்ந்தெடுங்கள். அவற்றை ஒன்றரை மடங்கு பெரிதாக்குங்கள், மற்றதைச் சுருக்குங்கள். நெற்றி ஏறினால் தாடை இறங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பெரிதாக்கினால் பூதம் வரும், ஆள் வரமாட்டார். முகத்துக்குள் நுழையும் முன் தலையின் வெளிக்கோட்டை மட்டும், ஒன்றுக்கு அரை நிமிடம் என்று ஆறு தடவை போடுங்கள். கறுப்பாக நிரப்பிய நிழலைப் பார்த்தே ஆளைச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

பழைய கல்விச் சண்டை ஒன்றை வைத்துப் பழகலாம். 1953-இல் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழில் பழகட்டும் என்றது. பெரியாரும் மற்ற எதிர்ப்பாளர்களும் அதைக் ‘குலக்கல்வி’ என்றார்கள். 1954-இல் முதல்வரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். இந்த மூன்று பேரும் பயிற்சிக்கென்றே அமைந்தவர்கள். ராஜாஜி: வழுக்கைத் தலை, கறுப்புக் கண்ணாடி, கூரிய மெலிந்த முகம். தலையைக் கவிழ்த்த முட்டையாக்கி, கண்ணாடியை இரண்டு கறுப்புப் பொட்டாகப் போட்டால் போதும், கண் வரைய வேண்டியதில்லை. காமராஜர்: ஓங்கிய உடம்பு, அடர்ந்த மீசை, தொளதொள அரைக்கைச் சட்டை. பெரியார்: தாடியே ஒரு மேகம், முகத்தை அதன் மேல் வைத்தால் போதும். ஒருவர் மெலிந்த கோடு, ஒருவர் கனத்த தூண், ஒருவர் வெண்மேகம். மூவரும் ஒரே கட்டத்தில் நின்றாலும் கலங்காது.

சாதி, மதம், நிறம், ஊனம் இவற்றைக் காட்டும் அடையாளத்தைப் பெரிதாக்கும் இரண்டில் ஒன்றாக எடுக்காதீர்கள். ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டதைக் கேலி செய்யலாம்: கண்ணாடி, சட்டை, நிற்கும் தோரணை, விரலை நீட்டும் விதம். எல்லைப்பக்கத்தில் இன்னொரு பொறியும் உண்டு. மலையாளி என்றால் குடையும் மீசையும், தமிழன் என்றால் கைலியும் மண்வெட்டியும், தெலுங்கர் என்றால் மிளகாய்க் கூடை. தமிழரை ‘பாண்டி’, தெலுங்கரை ‘கொல்டி’ என்னும் வசைச்சொற்களின் படவடிவம்தான் இவை. எழுத்தில் எழுதக் கூசுகிறதைக் கோட்டிலும் போடாதீர்கள்.

தாள், மை, மழை

செல்போன் திரையின் அகலம் சுமார் 65 மி.மீ. 160 மி.மீ. கட்டம் அதில் இரண்டரை மடங்கு சுருங்கும். 0.1 பேனாவின் கோடு அங்கே தூசு. வெளிக்கோட்டுக்கு 0.8, முகத்துக்குள் 0.5, துணி மடிப்புக்கும் அலமாரிப் புத்தகங்களுக்கும் 0.3. அதற்குக் கீழே வேண்டாம். எழுத்து திரையில் 2 மி.மீ. உயரமாவது இருந்தால்தான் படிக்க முடியும் என்பதால் தாளில் 5 மி.மீ. எழுதுங்கள், 6 என்றால் நல்லது. தமிழுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும்: ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘கு’, ‘மூ’ கீழே இறங்கும். அதனால் வரிக்கு வரி 11 மி.மீ. விடுங்கள். பலூனை முதலில் வரைந்து எழுத்தை உள்ளே திணிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. எழுத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிப் பலூன் போடுங்கள்.

தாள் 150 முதல் 200 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ். பிரிண்டிங் கடைகளில் கிடைக்கும் ஐவரி கார்டு வழுவழுப்பாக இருக்கும், பேனா ஓடும்; ஆனால் மை மேலேயே நிற்கும், உள்ளங்கை பட்டால் இழுவிவிடும். முதல் கோடு எச்.பி. பென்சிலில், அழுத்தாமல். பாலக்காட்டுப் பக்கம் ஜூன், ஜூலையில் தாள் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து வளையும், கோடு பிசிறடிக்கும். தாளை உறையிட்டு வைத்து, வரையும் முன் மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, சூடு குறைந்த இஸ்திரிப்பெட்டியால் ஒரு தடவை தடவினால் சரியாகும். கோடையில் மை போட்ட இருபது நிமிடத்தில் பென்சிலை அழிக்கலாம். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் பொறுங்கள். பொறுக்காமல் அழித்தால் கறுப்புக் கோடு சாம்பலாகிவிடும்.

கறுப்பு நிரப்பும் இடம் கட்டத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். எடைமேடைப் படத்தில் கேபினின் உள்பக்கம், மேடையின் பக்கவாட்டு, மாஸ்டரின் பேன்ட். கண் முதலில் போவது கறுப்பும் வெள்ளையும் மோதும் இடத்துக்கு. கேபின் இருட்டுக்குள் எண் பலகை வெள்ளையாக இருந்தால் 98-ம் 61-ம் தாமாகவே முதலில் படிக்கப்படும்.

ஸ்கேன் 600 டி.பி.ஐ.யில். படம் திருத்தும் மென்பொருளான கிம்ப் அல்லது கிருட்டாவில் திறந்து, எது கறுப்பு எது வெள்ளை என்று பிரிக்கும் திரெஷோல்டைச் சரிசெய்தால் தாளின் மஞ்சளும் பென்சில் நிழலும் போய்க் கோடு மட்டும் நிற்கும். சேமிப்பது பி.என்.ஜி.யாக. ஜே.பி.ஜி.யில் கோட்டின் ஓரத்தில் புள்ளிகள் மொய்க்கும்.

சொல்

எழுத்தில்லாமல் புரிந்தால் எழுத்து வேண்டாம். இது எல்லைப்பக்கத்துக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவில் நிறைய. தமிழ் காதுக்குப் புரியும், கண்ணுக்கு மெதுவாகத்தான் ஓடும். ஆந்திரப் பக்கம் நகரி, புத்தூரில் தெலுங்கு வழி படித்த தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கதை. அதனால் ஒரு படத்துக்கு ஒரே பேச்சு, எட்டுச் சொல்லுக்குள். பேசுபவர் ஊர்ப்பேச்சில் பேசட்டும். எடைமேடைப் பையன் ‘காலி வாகனத்தின் எடையைக் கழிக்கவில்லையா?’ என்று கேட்டால் படம் அரசாணையாகிவிடும். அதிகாரிக்கு வேண்டுமானால் அரசாணைத் தமிழ் கொடுங்கள், அங்கே அதுவே கேலி. பொருள்களின் மேல் ‘கல்வி’, ‘சமூகம்’ என்று பெயர் ஒட்டாதீர்கள். பெயர் ஒட்டினால்தான் புரிகிறது என்றால் பொருள் தப்பு.

எழுத்தே இல்லாமல் போட ஏற்ற விஷயம் ஒன்று எல்லையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2006-இல் தமிழ் கற்றல் சட்டம், கேரளத்தில் 2017-இல் மலையாளக் கற்றல் சட்டம். இரண்டும் 10-ஆம் வகுப்பு வரை மாநில மொழியைப் படிக்கச் சொல்கின்றன. சோதனைச்சாவடிக் கம்பத்தின் இரு பக்கமும் இரண்டு ஆசிரியர்கள், ஒருவரை ஒருவர் கண்ணாடியில் பார்ப்பதுபோல. தன் பக்கப் பிள்ளையை அணைத்துக்கொண்டு, அடுத்தவர் பிள்ளையை நோக்கி இருவரும் ஒரே மாதிரி விரலை நீட்டுகிறார்கள். ஆனால் வரையும் முன் சட்டத்தைப் படியுங்கள். கேரளச் சட்டத்தில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தனி ஏற்பாடு எழுதப்பட்டிருக்கிறது. சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவும் சொல்கிறது. ஏட்டில் இருப்பது வகுப்பறைக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் கேலிக்கு இடம். ஏட்டிலேயே இல்லை என்று வரைந்தால் ஒரே ஒரு வாசகர் சட்டப் பிரிவை எடுத்துக் காட்டியதும் படம் செத்துவிடும்.

தப்பாகப் படிக்கப்படுவது

2012-இல் 11-ஆம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் இருந்த ஒரு கார்ட்டூனுக்காக நாடாளுமன்றமே கொதித்தது. காயங்குளத்துக்காரரான சங்கர் 1949-இல் வரைந்தது. அரசமைப்பு என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் சவுக்கோடு உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சவுக்கை ஓங்கி நிற்கிறார். அரசமைப்பு எழுதும் வேலை நத்தை வேகத்தில் நகர்கிறது என்பது அன்றைய பொருள். அறுபது வருடம் கழித்துப் பார்த்தவர்களின் கண்ணில் பட்டது, அம்பேத்கரின் முதுகுக்குப் பின்னால் ஓங்கிய சவுக்கு. கோட்டு வேலையாகப் பார்த்தால் பிரச்சினை அங்கேதான். நேருவின் சவுக்கு நத்தைக்கா, மேலே இருப்பவருக்கா என்பது படத்தில் தீரவில்லை. சாதியால் அடிபட்ட வரலாறு உள்ள ஒரு சமூகம் அந்த ஐயத்தை எந்தப் பக்கம் தீர்த்துக்கொள்ளும் என்பதில் வியப்பே இல்லை. அதே வருடம், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்து 12-ஆம் வகுப்பு நூலில் இருந்த படத்துக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது.

ஓங்கிய கை, நீட்டிய விரல், சவுக்கு, பிரம்பு எது வந்தாலும் அதன் நுனியிலிருந்து அடிக்கோலை வைத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். எவர் மேல் போய் முட்டுகிறதோ அவர்தான் அடி வாங்குபவர். நீங்கள் நினைத்த ஆள் அவரில்லை என்றால் கோணத்தை மாற்றுங்கள்.

வெளியிடும் முன் மூன்று பேரிடம், ஒன்றும் சொல்லாமல், காட்டுங்கள்: ஓர் ஆசிரியர், 10-ஆம் வகுப்புக்குள் படிக்கும் ஒரு பிள்ளை, படத்தால் கோபப்படக்கூடிய ஒருவர். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ‘இதில யாரு யாரை என்ன பண்றாங்க?’ என்று கேளுங்கள். நீங்கள் முதலில் எழுதிய வாக்கியம் ஏறக்குறைய திரும்பி வர வேண்டும். இருவர் வேறு கதை சொன்னால் கோளாறு படத்தில்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு; 2024 ஜூலை 1-க்கு முன் இ.பி.கோ. 499, 500. பொதுப்பணியில் ஒருவர் செய்ததைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு அதில் விலக்கு உண்டு, வீட்டு விவகாரத்தைக் கிளறுவதற்கு இல்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்ட அல்லது வழக்கில் சிக்கிய சிறாரை அடையாளம் காட்டும் முகம், பெயர், பள்ளிச் சீருடை எதையும் வரையக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. உள்ளூர்ப் பள்ளி ஒன்றின் மேல் கோபம் என்றாலும் சீருடை நிறத்தை மாற்றிவிடுங்கள். அந்தச் சீருடையில் இருநூறு பிள்ளைகள் நாளைக்கும் நடந்து போவார்கள்.

கையெழுத்தையும் தேதியையும் கட்டத்துக்குள்ளேயே, ஏதாவது கோட்டை ஒட்டிப் போடுங்கள். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். தேதி கட்டாயம்: எந்த வாரத்துச் சண்டைக்குப் போட்ட படம் என்று பின்னால் பார்க்கிறவருக்கு அதுதான் சொல்லும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் கோடுகள் நசுங்கி, 61 என்பது 81 போலத் தெரியும்.